நாய் வந்தா நான் ஒரு ராத்திரி முழுசா தூங்க முடியுமா?

வாசகர் கடிதம்: "என் பையனுக்கு 6 வயசு, ஆட்டிசம். பேச்சு ரொம்பக் கம்மி. கதவு திறந்திருந்தா ஓடிடுவான், எங்க போறோம்னெல்லாம் கிடையாது, சும்மா ஓடுவான். ரெண்டு தடவை ரோட்டுக்கே போயிட்டான். ராத்திரி ரெண்டு மூணு தடவை எந்திரிச்சு தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுதான் திரும்பப் படுப்பேன். 11 வயசுல பொண்ணு இருக்கா, தம்பி வந்தா நான் எங்கயும் வரலங்குறா. அசிஸ்டன்ஸ் டாக் பத்தி ஒரு வீடியோ பாத்ததுல இருந்து எனக்கு அதே நினைப்பா இருக்கு. வீட்டுக்காரர் வேண்டாங்குறார், இருக்குற வேலை பத்தலையான்னு கேக்குறார். மாமியாருக்கு நாய்னாலே பயம். பையன் நாய் குரைச்சா காதைப் பொத்திக்குவான், ஆனா அந்த வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்றான். ஒரு குட்டி வாங்கி நாமளே பழக்கிக்கலாம்னு என் தங்கச்சி சொல்றா. நாய் வந்தா எங்க வாழ்க்கை மாறுமா? நான் ஒரு ராத்திரி முழுசா தூங்க முடியுமா?"

வணக்கம் தோழி,

நாய்களைப் பழக்கி, பிள்ளைங்க இருக்குற குடும்பங்களோட சேத்து வைக்கிற வேலையில பல வருஷமா இருக்கேன். எங்ககிட்ட வர்றவங்க முக்கால்வாசிப் பேர் 'என் பிள்ளை மாறுவானா'ன்னுதான் கேப்பாங்க. நீங்க 'நான் தூங்க முடியுமா'ன்னு கேட்டிருக்கீங்க, எனக்கு அது ரொம்ப சரியான கேள்வியாப் படுது, ஏன்னா உதவி நாய், அதாவது நீங்க சொன்ன அசிஸ்டன்ஸ் டாக், வந்த வீட்டுல நான் முதல்ல பாக்குற மாற்றம் பெரும்பாலும் பிள்ளைகிட்ட இருக்காது, அம்மாகிட்ட இருக்கும். அதுலயும் அம்மாவோட கையில.

ஓடுற பிள்ளையை வச்சிருக்கற அம்மாவை நான் பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவேன். மத்த அம்மாங்க பிள்ளையோட விரலைப் பிடிச்சு நடப்பாங்க, இவங்க மணிக்கட்டைப் பிடிச்சு நடப்பாங்க. கட்டை விரல் உள்பக்கமா அழுந்தி, பிடியை விடவே மாட்டாங்க, இன்னொரு கையில பை இருந்தாலும் போன் அடிச்சாலும் அந்தக் கை மட்டும் அசையாது. வீட்டுக்கு வந்து உக்காந்தப்புறம்கூட விரல் மடங்கியே இருக்கும். நீங்களும் அப்படித்தான் பிடிப்பீங்கன்னு நினைக்கிறேன்.

இது உங்க வளர்ப்புல வந்த கோளாறு இல்ல, அதை முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. அமெரிக்காவுல ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க 1,200 பேருக்கு மேல எடுத்துப் பாத்த ஒரு ஆய்வு 2012ல வந்துச்சு, அதுல 49 சதவீதம் பிள்ளைங்க 4 வயசுக்கு மேல ஒரு தடவையாவது இப்படிப் பாதுகாப்பான இடத்தை விட்டு ஓடப் பாத்திருக்காங்க. அதாவது ஆட்டிசம் பிள்ளை இருக்குற ரெண்டு வீட்டுல ஒரு வீடு உங்களை மாதிரி இந்தப் பயத்தைப் பாத்திருக்கு.

ஆட்டிசம் பிள்ளைங்களுக்குன்னே தனியா நாய் பழக்குறது 1990கள்ல கனடாவுல பெருசா ஆரம்பிச்ச விஷயம். சின்னப் பிள்ளைங்களுக்கு அதுல முக்கியமான ஒண்ணு பெல்ட் முறை. பிள்ளை இடுப்புல ஒரு பெல்ட், அதுல இருந்து ஒரு சின்னக் கயிறு நாயோட சட்டைக்குப் போகும், நாயோட லீஷ், அதாவது நாயைப் பிடிக்கிற வார், உங்க கையில இருக்கும். பிள்ளை, நாய், பெரியவங்க ஒருத்தர், இந்த மூணு பேரும் சேந்துதான் ஒரு டீம். பிள்ளை திமிறி ஓடப் பாத்தா நாய் நாலு காலையும் ஊணி நின்னுடணும், அதுக்குத்தான் மாசக்கணக்குல பழக்குறோம்.

ஒரு குடும்பத்தோட நான் முதல் வாரம் கூடவே போனேன், அந்தப் பையனுக்கு அப்போ 5 வயசு. ரோட்டோரம் நின்னுட்டிருக்கோம், எதிர்ப்பக்கம் ஏதோ பளபளன்னு சுத்துது, அவ்ளோதான், பையன் பாஞ்சுட்டான். அம்மா பழக்க தோஷத்துல கையை நீட்டுறாங்க, கை காத்தைத்தான் பிடிச்சுது. அதுக்குள்ள நாய் பின்பக்கத்தைத் தாழ்த்தி, முன்னங்காலை அகட்டி ஊணிடுச்சு, நகம் தரையில கிறீச்சுன்னு ஒரு இஞ்ச் இழுபட்டுச்சு, அதோட நின்னுடுச்சு. கயிறு விறைச்சு பையன் அப்படியே நின்னான். திரும்பி நாயைப் பாத்தான். அழல, கத்தல, ஏன்னா அவனை யாரும் பிடிச்சு இழுக்கல, திட்டல, அவனுக்கு அது ஒரு மரத்துல கயிறு மாட்டிக்கிட்ட மாதிரிதான். அந்த அம்மா அன்னைக்கு சாயங்காலம் என்கிட்ட சொன்னது, 'இன்னைக்கு அவன் விரலைப் பிடிச்சேங்க' அப்படின்னு. வேற எதுவும் சொல்லல.

இதைப் படிச்சுட்டு உங்களுக்கு மனசு துடிக்கும்னு தெரியும், ஆனா ஒரு கணக்கு சொல்லணும். இந்த முறை சின்ன வயசுக்கும் குறைஞ்ச எடைக்கும்தான் சரிப்படும், பிள்ளை வளந்து பலம் வந்துட்டா நாயால தாங்க முடியாது, நாய்க்கு முதுகும் மூட்டும் போயிடும். நிறைய அமைப்புங்க இதுக்கு சின்ன வயசுப் பிள்ளைங்களைத்தான் எடுக்குறாங்க, சில அமைப்புங்க இந்த முறையே வேண்டாம்னு விட்டுட்டாங்க. உங்க பையனுக்கு இப்போ 6. இன்னைக்கே விண்ணப்பம் போட்டாலும் காத்திருப்பு பல இடத்துல ரெண்டு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். நாய் வீட்டுக்கு வர்றப்போ அவனுக்கு 8 ஆகியிருக்கும், நாய்க்கு சுமாரா 2 வயசு. நாய் 10 வயசு வாக்குல ஓய்வுக்குப் போகும், அப்போ உங்க பையனுக்கு 16. அப்போ நீங்க யோசிக்க வேண்டியது இன்னைக்கு ஓடுற 6 வயசுப் பையனுக்கான நாயைப் பத்தி இல்ல, 8ல இருந்து 16 வரைக்கும் அவன்கூட இருக்கப்போற நாயைப் பத்தி. விண்ணப்பத்துல 'என்ன உதவி வேணும்'னு கேக்குற இடத்துல ஓடுறதை மட்டும் எழுதிட்டு நிறுத்திடாதீங்க. கூட்டமான இடத்துல கலங்கிப் போறானா, பல் டாக்டர்கிட்ட உக்கார மாட்டேங்குறானா, ராத்திரி தூக்கம் எப்படி, இதெல்லாம் எழுதுங்க. மடியில தலையை வச்சு அழுத்திப் படுக்குறது, கலங்கி நிக்குற பிள்ளையைப் போய் முட்டி கவனத்தைத் திருப்புறது, கைப்பிடி மாதிரி சட்டையில இருக்குற வளையத்தைப் பிடிச்சுட்டு நடக்க விடுறது, இதெல்லாம் நாய் பழகுற வேலைங்கதான், பிள்ளை வளந்தப்புறமும் உதவும்.

இப்போ தூக்கம். ஒரு வீட்டுல நாய் வந்து ரெண்டாவது வாரம், அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. வழக்கம்போல ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்திருக்கு, மெதுவா போய் பிள்ளையோட ரூமை எட்டிப் பாத்திருக்காங்க. பையன் தூங்குறான், கால் மாட்டுல நாய் படுத்திருக்கு. நாய் தலையைத் தூக்கல, ஒரு கண்ணை மட்டும் திறந்து இவங்களைப் பாத்துட்டு திரும்ப மூடிக்கிச்சு. 'என்னை மாதிரியே இன்னொருத்தரும் முழிச்சிருக்காங்கன்னு தோணுச்சு, போய்ப் படுத்துட்டேன், காலைலதான் எந்திரிச்சேன்'னாங்க. இப்படி நிறைய வீட்டுல கேட்டிருக்கேன், எல்லா வீட்டுலயும் கேட்டேன்னு சொல்ல மாட்டேன். நாய் பக்கத்துல படுத்தா நிம்மதியா தூங்குற பிள்ளைங்க உண்டு, நாய் குறட்டை விடுறது பிடிக்காம ரூமை விட்டுத் துரத்துற பிள்ளைங்களும் உண்டு. அப்புறம் நாயும் அசந்து தூங்கும் தோழி, அதனால கதவுல வைக்கிற அலாரத்தை நாய் வந்துடுச்சுன்னு கழட்டிடக் கூடாது, என்னைக்குமே.

பிள்ளை மாறுவானான்னு உங்க வீட்டுக்காரர் கேட்டா சொல்றதுக்கு ஒரு விஷயம் இருக்கு. கனடாவுல மான்ட்ரியல்ல 42 ஆட்டிசம் பிள்ளைங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2010ல வெளியிட்டாங்க. காலைல எந்திரிச்ச உடனே உடம்புல கார்ட்டிசால்ங்குற டென்ஷன் ஹார்மோன் எல்லாருக்குமே கொஞ்சம் ஏறும், எச்சில்ல அதை அளந்து பாத்தாங்க. நாய் வர்றதுக்கு முன்னாடி அந்த ஏத்தம் 58 சதவீதம். நாய் வீட்டுல இருந்தப்போ 10 சதவீதம். கொஞ்ச நாளைக்கு நாயைத் திரும்ப எடுத்துட்டுப் போனதும் 48க்கு ஏறிடுச்சு. பேச முடியாத பிள்ளைங்க பலபேர் சொல்ல முடியாததை எச்சில் சொல்லிடுச்சுன்னு நான் நினைச்சுக்குவேன். ஆனா அதே ஆய்வுல பகல் முழுக்க சராசரியா இருக்குற கார்ட்டிசால் அளவு மாறல, பிரச்சனையான நடத்தைன்னு பெத்தவங்க எண்ணினது சராசரியா 33ல இருந்து 25 ஆச்சு. குறைஞ்சுது, போயிடல. பேச்சு வந்துடும், ஆட்டிசம் சரியாயிடும்னு யாராவது நாயைக் காட்டிச் சொன்னா அந்த இடத்துல இருந்து எந்திரிச்சு வந்துடுங்க.

உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வர்றேன், 'இருக்குற வேலை பத்தலையா'. அவர் கேட்டது நியாயம். நாய் பயத்தைக் குறைக்கும், வேலையைக் குறைக்காது. கூட்டத்தான் செய்யும். காலைல சாயங்காலம் நடக்கக் கூட்டிட்டுப் போகணும், சாப்பாடு, குளிப்பாட்டுறது, முடி சீவுறது, தடுப்பூசி, பூச்சி மருந்து, தினமும் பத்து பதினஞ்சு நிமிஷம் பழகினதெல்லாம் மறக்காம இருக்கப் பயிற்சி, உடம்பு சரியில்லாம போனா ராத்திரியில ஓட்டம். அதுபோக ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு ஸ்கூல் வாசல்லயும் 'நாய் உள்ள வரக் கூடாது'ன்னு சொல்றவங்ககிட்ட பொறுமையா விளக்கணும். பிள்ளை இதெல்லாம் பண்ண மாட்டான், நாய் பிள்ளைக்குத்தான், ஆனா நாயை நடத்துறவங்க பெரியவங்க. அதனால பாருங்க, நாய் நாள் முழுக்க உங்க பேச்சைக் கேட்டு உங்களோடவே இருக்குறதால முதல்ல உங்ககிட்டதான் ஒட்டும். பையன் ஒரு மாசம், ரெண்டு மாசம் அதைத் திரும்பிக்கூடப் பாக்காம இருக்கலாம். அந்த ரெண்டு மாசத்துல மனசு விட்டுப் போற அம்மாங்களை நான் நிறையப் பாத்திருக்கேன், வீடியோவுல காட்டுறது ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் எடுத்த ஒரு நிமிஷம், அதை மறந்துடாதீங்க.

நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லிடுறேன். ஒரு வீட்டுல அம்மாவுக்கு ரொம்ப ஆசை, அப்பா வாயே திறக்கல, நான் அதை சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். நாயைக் குடுத்துட்டு நாலு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தா அந்த அம்மா இளைச்சிருக்காங்க, நாய் குண்டாயிருக்கு. நடக்கக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல, பயிற்சி நின்னு போச்சு, லீஷைப் பிடிச்சா இழுத்துட்டு ஓடுது. திரும்பக் கூட்டிட்டு வர வேண்டியதாப் போச்சு. நான் வண்டியில ஏத்துறப்போ அந்த வீட்டுப் பொண்ணு, பேசாத பொண்ணு, வாசப்படியில உக்காந்து நாயோட தண்ணிக் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னைல இருந்து, வீட்டுல இருக்குற ஒவ்வொரு பெரியவரும் என் எதிர்ல வாயைத் திறந்து சரின்னு சொன்னாதான் நான் ஃபைலை நகர்த்துவேன். உங்களுக்கும் அதையேதான் சொல்றேன், அவர் மனசார ஒத்துக்காம விண்ணப்பம் போடாதீங்க. அவரை மல்லுக்கட்டி சம்மதிக்க வைக்காதீங்க, நல்ல அமைப்பா ஒண்ணைப் பாத்து, ஏற்கனவே நாய் வச்சிருக்குற ஒரு குடும்பத்தைச் சந்திக்கணும்னு கேளுங்க, அவரையும் கூட்டிட்டுப் போங்க. அங்க இருக்குற அப்பாகிட்ட இவர் தனியா பேசட்டும்.

தங்கச்சி ஐடியா பாசத்துல சொன்னதுதான், ஆனா வேண்டாம். குட்டியைத் தேர்ந்தெடுக்குறப்பவே அதைப் பெத்த நாயோட இடுப்பு, கண்ணு, குணம் எல்லாம் பாத்து எடுத்து, 8 வாரத்துல இருந்து ஒரு வருஷத்துக்கு மேல ஒரு வளர்ப்புக் குடும்பத்துல விட்டு பஸ், லிஃப்ட், பட்டாசு சத்தம், வீல்சேர், அழுகிற குழந்தைன்னு எல்லாத்தையும் காட்டி, அப்புறம் மாசக்கணக்குல பயிற்சி குடுத்து, இவ்ளோ பண்ணியும் கிட்டத்தட்ட பாதி நாய்ங்க தேறாது. கெட்ட நாய்னு அர்த்தம் இல்ல, இந்த வேலைக்குத் தோதுப்படாது, அவ்ளோதான். அதே நாயை நீங்க வீட்டுல வளத்திருந்தா தேறலன்னு தெரிஞ்சப்போ பிள்ளைங்க ஒட்டியிருப்பாங்க, திருப்பியும் குடுக்க முடியாது. அதுவுமில்லாம கடிச்சு விளையாடுற வயசுல இருக்குற குட்டியும், வலிச்சா சொல்லத் தெரியாத பிள்ளையும் ஒரே வீட்டுல, நீங்க நடுவுல தூக்கமில்லாம. யோசிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, காசு கட்டினா நெட்டுலயே சர்டிபிகேட்டும் சட்டையும் அனுப்புறவங்க இருக்காங்க. அமெரிக்க சட்டத்துல இப்படிப் பதிவு பண்ணணும்னே கிடையாது, அப்போ அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்புன்னு நீங்களே பாத்துக்கோங்க. மத்த நாடுகள்ல சட்டம் வேற வேற, நீங்க இருக்குற இடத்துல என்னன்னு அமைப்புக்காரங்ககிட்டயே கேளுங்க. அவங்க குடுக்குற பதில்லயே அவங்க எப்படிப்பட்டவங்கன்னு பாதி தெரிஞ்சிடும். நாயைக் குடுத்தப்புறம் எத்தனை வருஷம் வந்து பாப்பாங்க, சரிவரலன்னா திரும்ப எடுத்துக்குவாங்களான்னும் கேளுங்க.

மாமியார் பயத்தை லேசா எடுத்துக்காதீங்க, கேலியும் பண்ணாதீங்க. பயந்தவங்க கையைச் சட்டுனு இழுப்பாங்க, சத்தம் போடுவாங்க, அது நாய்க்கும் பிள்ளைக்கும் ரெண்டு பேருக்கும் கலக்கம். அவங்க ரூமுக்குள்ள நாய் போகாதுன்னு நீங்க வாக்கு குடுங்க, பழகின நாய்க்கு அந்த வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்குறது பெரிய காரியம் இல்ல. முதல் சந்திப்பு உங்க வீட்டுல வேண்டாம், வெளியில, நாய் தூரத்துல படுத்திருக்க, அவங்க சேர்ல உக்காந்து சும்மா பாத்துட்டு வரட்டும். அவங்களுக்கு ஆஸ்துமா, அலர்ஜி ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட இப்பவே கேட்டுடுங்க, அலர்ஜியே வராத நாய்னு ஒரு ஜாதியும் கிடையாது, முடி அதிகம் கொட்டாத பூடில் ஜாதியா இருந்தாலும் சரி.

உங்க பொண்ணைப் பத்தி நீங்க எழுதினது ஒரே வரி, எனக்கு அந்த வரிதான் ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. தம்பி தரையில விழுந்து கத்துறப்போ கூட்டம் திரும்பிப் பாக்கும் பாருங்க, 11 வயசுல அந்தப் பார்வையைத் தாங்குறது கஷ்டம். நாய் கூட இருந்தா அந்தப் பார்வை மாறுது, 'பிள்ளையை வளக்கத் தெரியல'ன்னு முணுமுணுத்தவங்க வந்து 'நாய் பேர் என்ன'ன்னு கேப்பாங்க. அக்கா பதில் சொல்லுவா. நான் பாத்த பல வீட்டுல அக்கா அண்ணனுங்கதான் நாயைப் பத்தி மத்தவங்களுக்கு விளக்குற ஆள் ஆயிடுறாங்க, அதுல ஒரு பெருமை. ஆனா அவளை நாய்க்கு வேலைக்காரி ஆக்கிடாதீங்க. அவளுக்குத் தேவைப்படுறது நாய் இல்லாமயே இப்பவே நீங்க குடுக்க முடியும், வாரத்துல ஒரு மணி நேரம் தம்பி இல்லாம அவளும் நீங்களும் மட்டும்.

பையன் காதைப் பொத்துறது பத்தி. உதவி நாய்ங்க காரணமில்லாம குரைக்காதபடிதான் தேர்ந்தெடுத்துப் பழக்குறோம், அதனால குரைப்புக்காக மட்டும் ஆசையை விட வேண்டாம். ஆனா வீடியோவுல நாய்க்கு வாசனை இல்ல, எச்சில் இல்ல, ஈர மூக்கு இல்ல. சத்தம் போடாத வயசான ஒரு நாய் இருக்குற தெரிஞ்சவங்க வீட்டுக்கு நாலஞ்சு தடவை கூட்டிட்டுப் போங்க. பையன் கிட்டப் போகணும்னு இல்ல, ஒரே ரூமுல இருந்தா போதும். எவ்ளோ நேரம் இருந்தான், என்ன பண்ணினான்னு எழுதி வைங்க. அவன் கோபத்துல அடிப்பானா, கிள்ளுவானான்னு நீங்க எழுதல. அடிப்பான்னா மறைக்காம அமைப்புக்காரங்ககிட்ட சொல்லுங்க, நாய்க்கும் வலிக்கும். அது கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்தா, உதட்டை நக்கினா, முகத்தைத் திருப்பி வெள்ளைக் கண் தெரியப் பாத்தா, 'போதும்'னு சொல்லுது. பிள்ளை போக முடியாத ஒரு மூலை அதுக்கு வீட்டுல இருக்கணும், சட்டையைக் கழட்டினா அது வேலைக்காரன் இல்ல, நாய். சட்டையோட பக்கிளைக் கழட்டுற 'டிக்' சத்தம் கேட்டதும் உடம்பை ஒரு உதறு உதறிட்டு பொம்மையைத் தேடி ஓடும், அந்த நேரம் அதுக்குக் கிடைச்சே ஆகணும்.

நாய் வர ரெண்டு வருஷம் ஆகும்னா, அது வரைக்கும் நீங்க தூங்காம இருக்க முடியாது. அதனால இந்த வாரமே பண்ண வேண்டியது. கதவு திறந்தா சத்தம் போடுற சின்ன அலாரம் எல்லா வாசல் கதவுக்கும், தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டாத உயரத்துல ஆனா பெரியவங்க சட்டுனு திறக்குற மாதிரி, தீ பிடிச்சா நீங்களும் வெளிய வரணும். அவன் கழட்ட முடியாத மாதிரி உங்க போன் நம்பர் துணியிலயோ ஷூவுலயோ. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட அவன் போட்டோவைக் காட்டி, 'இவனைத் தனியா பாத்தா பிடிச்சு வச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க'ன்னு வெக்கப்படாம சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, பக்கத்துல தண்ணி எங்க இருக்குன்னு பாருங்க, குளம், கிணறு, தொட்டி, நீச்சல் குளம் எதுவா இருந்தாலும். இப்படி ஓடுற பிள்ளைங்க உயிர் அதிகமாப் போறது தண்ணியிலதான். அவன் காணோம்னா முதல்ல அங்க ஓடுங்க, வீட்டுக்குள்ள தேடுறது அப்புறம். நீச்சல் கத்துக் குடுக்க முடிஞ்சா இப்பவே ஆரம்பிங்க.

ராத்திரி முறையை ரெண்டு பேரும் பிரிச்சுக்கோங்க. இன்னைக்கு அலாரம் அவர் பொறுப்பு, நாளைக்கு உங்க பொறுப்பு. அவர் முறை வர்ற ராத்திரி நீங்க எந்திரிச்சுப் போய்த் தாழ்ப்பாளைத் தொடக் கூடாது, கஷ்டமா இருக்கும், படுத்தே இருங்க. நாய் வந்தா யார் எந்த வேலை பாப்பீங்கங்குறதுக்கும் இதுதான் ஒத்திகை. ஒரு மாசம் இது ஓடுச்சுன்னா உங்க வீட்டுக்கு நாய் தாங்கும்னு எனக்கு நம்பிக்கை வரும்.

இந்தப் பதிலை அவர்கிட்ட படிக்கக் குடுங்க. அவருக்குக் கேள்வி இருந்தா அவரே எழுதட்டும், தனியா பதில் போடுறேன். அந்த வயசான நாய் இருக்குற வீட்டுக்கு நாலஞ்சு தடவை போய் வந்தப்புறம் பையன் என்ன பண்ணினான்னு நீங்க எழுதுங்க.